சிப் பேக்கேஜிங்: முதலில் கிரவுண்ட், கடைசியில்தான் கவசம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செமிகண்டக்டர் ஆலைகள் பற்றிய செய்திகளில் ‘பேக்கேஜிங்’ என்ற சொல் வரும்போதெல்லாம், தயாரான சிப்பை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்பும் வேலை என்பது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. ‘பொதி கட்டும் ஆலை’ என்றுகூடச் சிலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது, சிலிக்கான் துண்டை வெளிக்கால்களோடு இணைத்து மூடும் வேலை. 2024 பிப்ரவரி 29-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மூன்று திட்டங்களில் அசாமின் ஜாகிரோடு, குஜராத்தின் சானந்த் ஆகிய இரண்டும் இந்த வேலைக்கானவைதான். நம் மறைமலைநகரில் ஸ்பெல் நிறுவனம் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறது. ஒரு சிப் வெளியே எவ்வளவு மின் இரைச்சலை (வேண்டாத மின் அலைகளை) கக்கும், வெளியிலிருந்து வருவதை எவ்வளவு தாங்கும் என்பதில் பேக்கேஜுக்குப் பெரிய பங்கு உண்டு. இத்துறைக்கு வேலைக்கு வரப்போகும் டிப்ளமா, பொறியியல் மாணவர்கள் இதை அறிந்துகொண்டு வந்தால் நல்லது.

கறுப்புப் பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டையும் வெளியே தெரியும் கால்களையும் இணைப்பது சுமார் 25 மைக்ரான் தடிமனுள்ள தங்க அல்லது செப்புக் கம்பி. தலைமுடியைவிட மெல்லியது. மின்தடையைப் பொறுத்தவரை இதில் பெரிய தொல்லை இல்லை. தொல்லை இண்டக்டன்ஸில்; மின்னோட்டம் திடீரென மாறுவதை எதிர்க்கும் குணம் அது. ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். கம்பியோடு உலோகக் காலையும் சேர்த்தால், நான்கு பக்கமும் கால் நீட்டிய சாதாரணப் பேக்கேஜில் 5 நானோஹென்றி வந்துவிடும். ஒரு அவுட்புட் 1 நானோவினாடியில் 10 மில்லிஆம்பியர் மாறினால், இந்த 5 நானோஹென்றியில் எழும் மின்னழுத்தம் 0.05 வோல்ட். பார்க்க அற்பம். ஆனால் 16 அவுட்புட்கள் ஒரே நேரத்தில் 1-லிருந்து 0-க்கு இறங்கி, அத்தனை மின்னோட்டமும் ஒரே கிரவுண்ட் (மின்னழுத்தத்தின் பூஜ்யப் புள்ளி) கால் வழியே வெளியேறினால் 0.8 வோல்ட். சிப் பொருத்திய சர்க்யூட் போர்டில் கிரவுண்ட் பூஜ்யத்தில்தான் இருக்கும். சிப்புக்குள்ளே இருக்கும் கிரவுண்ட் மட்டும் 0.8 வோல்ட் துள்ளி எழும். கிரவுண்ட் பவுன்ஸ் என்பது இதுதான். தெருவே ஒரு குறுகிய வடிகாலை நம்பியிருந்தால் அடைமழையில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறுவதைப் போல.

பழைய 14 கால் லாஜிக் சிப்புகளில் கிரவுண்ட் 7-வது காலிலும் மின்சப்ளை 14-வது காலிலும் எதிரெதிர் மூலையில் இருக்கும். போர்டு வரைவதற்கு வசதி. ஆனால் மூலைக்கால்தான் அந்தப் பேக்கேஜிலேயே நீளமானது. 1980-களில் வேகமான சிமாஸ் (CMOS) வகைச் சிப்புகள் வந்தபோது இந்த வசதியே வினையானது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் மின்சப்ளையையும் கிரவுண்டையும் நடுக்கால்களுக்கு மாற்றிய வரிசையை வெளியிட்டது. ஃபேர்சைல்டு பழைய மூலைக்கால் ஏற்பாட்டையே தொடர்ந்தது. மின்னியலின்படி நடுக்கால்தான் சரி. ஆனால் பழைய போர்டில் அப்படியே பொருந்தும் சிப்பையே சந்தை விரும்பியது. நல்ல இண்டக்டன்ஸைவிடப் பழகிய கால் வரிசைக்கு மவுசு அதிகம் என்பது இன்றும் மாறவில்லை.

இதைக் கண்ணால் பார்க்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். இருபுறமும் கால் வரிசையுள்ள 20 கால் டிஐபி வடிவில், எட்டு அவுட்புட் கொண்ட 74ஏசி244 லாஜிக் சிப் ஒன்று, 47 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் எட்டு, 100 நானோஃபாரட் ஒன்று, 5 வோல்ட் சப்ளை, சதுர அலை தரும் கருவி, மின்னலையைத் திரையில் காட்டும் 100 மெகாஹெர்ட்ஸுக்குக் குறையாத ஆஸிலாஸ்கோப் ஒன்று போதும். பிரெட்போர்டில் செருகாதீர்கள், அதன் உள்பட்டைகளே தனி இண்டக்டன்ஸ். செப்புப் பலகையில் சால்டர் செய்யுங்கள். 1, 10, 19-ம் கால்கள் கிரவுண்டுக்கு. 20-ம் காலுக்கு 5 வோல்ட். அதற்கும் 10-ம் காலுக்கும் இடையே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர். 2-ம் காலையும் கிரவுண்டில் கட்டிவிடுங்கள். அதன் அவுட்புட்டான 18-ம் கால் அசையாமல் 0-வில் நிற்க வேண்டும். மீதி ஏழு இன்புட்களையும் சேர்த்து 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை கொடுங்கள். எட்டு அவுட்புட்டிலும் ஒவ்வொரு 47 பிகோஃபாரட்.

இப்போது 18-ம் காலில் ஆஸிலாஸ்கோப்பின் அளக்கும் முனையான ப்ரோபை வையுங்கள். ப்ரோபின் முதலைக் கவ்வியைப் பயன்படுத்தவே கூடாது. அந்த 15 சென்டிமீட்டர் எர்த் கம்பி தானே மணியடித்து, இல்லாத இரைச்சலையும் காட்டும். ப்ரோப் முனையோடு வரும் குட்டி ஸ்பிரிங்கை 10-ம் காலுக்கு அருகிலேயே கிரவுண்டில் ஊன்றுங்கள். ஏழும் ஒன்றாக இறங்கும் நொடியில், அசையக்கூடாத 18-ம் காலில் முள் போன்ற துள்ளல் எழும். ஒரு வோல்ட்டைத் தொட்டாலும் ஆச்சரியமில்லை. அந்த அவுட்புட் 0-வில் நிற்கும்போது உள்ளே கிரவுண்டோடு இணைந்திருப்பதால், சிப்புக்குள் எட்டிப்பார்க்கும் சன்னலாகவே அது வேலை செய்கிறது. இன்புட்களை ஒவ்வொன்றாகக் கழற்றி கிரவுண்டில் கட்டினால் முள் படிப்படியாகச் சிறுக்கும். பிறகு அதே கால் வரிசையுள்ள 74ஹெச்சி244-ஐ மாட்டுங்கள். பேக்கேஜ் மாறவில்லை, வேகம்தான் குறைந்தது. முள் பெரிதும் அடங்கிவிடும். தேவைக்கு மேல் வேகமான சிப்பை வாங்காதே என்பதுதான் இரைச்சலுக்கு ஆகக் குறைந்த செலவில் கிடைக்கும் மருந்து. அவுட்புட்டில் 22 அல்லது 33 ஓம் தொடர் மின்தடை வைப்பதும் அதே வகைதான்.

பேக்கேஜுக்குள் செய்ய வேண்டியதற்கு வருவோம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று காட்டும் பாண்டிங் வரைபடத்தில்தான் பாதிப் போர் நடக்கிறது. ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது: கிரவுண்டுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கம்பி ஒட்டிப் போட்டால் இண்டக்டன்ஸ் பாதியாகிவிடும் என்று. ஆகாது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே திசையில் மின்னோட்டம் ஓடும் கம்பிகள் ஒன்றின் காந்தப்புலத்தால் மற்றொன்றை நெருக்கும். தலா 2 நானோஹென்றி கம்பி இரண்டு, அவற்றுக்கிடையே பரஸ்பர இண்டக்டன்ஸ் 1 நானோஹென்றி என்றால், கிடைப்பது 1 அல்ல, 1.5. ஆனால் மின்சப்ளைக் கம்பியையும் கிரவுண்டுக் கம்பியையும் ஜோடியாகப் போட்டால் கதை தலைகீழ். போவதும் வருவதும் எதிரெதிர் என்பதால் புலங்கள் ஒன்றையொன்று அழிக்கும். 4 ஆக இருக்க வேண்டிய சுற்றின் இண்டக்டன்ஸ் 2-க்கு இறங்கும். ஆக, கிரவுண்டுகளைப் பரவலாகப் பிரித்து வை. ஒவ்வொரு கிரவுண்டுக்குப் பக்கத்திலும் ஒரு சப்ளையையோ வேகமான சிக்னலையோ உட்கார வை. ஓயாமல் துடிக்கும் கிளாக் சிக்னலின் கம்பியை அனலாக் இன்புட்டுக்குப் பக்கத்தில் விடவே கூடாது. வேறு வழியில்லை என்றால் நடுவே ஒரு கிரவுண்டுக் கம்பியைக் காவலுக்குப் போடு.

கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதனால்தான் பல வடிவமைப்புகளில் கிரவுண்டைக் காலுக்குக் கொண்டுபோகாமல், சிப் உட்கார்ந்திருக்கும் உலோகத் தட்டிலேயே இறக்கிவிடுகிறோம். வெளியே கால் நீட்டாத க்யூஎஃப்என் பேக்கேஜில் இந்தத் தட்டின் அடிப்பகுதி வெளியே தெரியும். நேரே போர்டின் கிரவுண்டில் சால்டர் ஆகும். இதிலும் சிக்கல் உண்டு. ஈரம் ஏறிய பேக்கேஜ், சால்டரை உருக்கும் ரீஃப்ளோ அடுப்பில் சூடாகும்போது பிளாஸ்டிக் தட்டிலிருந்து பிரிந்தால், தட்டில் இறங்கிய கம்பியின் அடி அறுந்துபோகும். பாக்கெட்டைப் பிரித்தபின் எத்தனை மணி நேரத்துக்குள் சால்டர் செய்ய வேண்டும் என்ற லேபிள் குறிப்பை அலட்சியம் செய்கிறவர்கள் இதை நினைவில் கொள்ளட்டும். போர்டு பக்கத்தில், தட்டுக்கு அடியில் சால்டர் பேஸ்ட்டை ஒரே பெரிய சதுரமாகப் பூசினால் சிப் மிதந்து, ஓரக் கால்கள் சரியாக ஒட்டாது. சன்னல் கட்டம் போலப் பிரித்துப் பூச வேண்டும். போர்டின் அடுக்குகளை இணைக்கும் உலோகம் பூசிய துளைகளான வியாக்கள், 0.3 மில்லிமீட்டர் அளவில் குறைந்தது ஒன்பது, தட்டுக்கு அடியில் கிரவுண்டுக்கு இறங்கட்டும். திறந்த வியாவாக இருந்தால் சால்டரை உறிஞ்சிவிடும் என்பதால் அடைத்த வியாவே மேல். தட்டு ஒட்டாமல் போனாலும் சில சிப்புகள் வேலை செய்வதுபோல் நடிக்கும். இரைச்சல் சோதனையில்தான் குட்டு வெளிப்படும்.

மோல்டிங் அச்சில் சுமார் 175 டிகிரி செல்சியஸில் பாயும் பிசின் நீளமான கம்பிகளைச் சாய்த்துவிடுவதும் உண்டு. ஷார்ட் ஆனால் டெஸ்டில் பிடிபடும். ஷார்ட் ஆகாமல் பக்கத்துக் கம்பியை நெருங்கி மட்டும் நின்றால், ஒன்றின் சிக்னல் மற்றதில் கசியும் கிராஸ்டாக் கூடும், டெஸ்டில் தப்பிவிடும். எக்ஸ்ரே பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடியில் சால்டர் பந்துகள் கொண்ட பிஜிஏ வகையில் சிப்புக்குக் கீழே ஒரு குட்டிப் போர்டே இருக்கிறது. இரண்டு அடுக்கில் முடித்தால் மலிவு. நான்கு அடுக்கானால் முழுக் கிரவுண்ட் தளம் கிடைக்கும். அந்தத் தளத்தில் வெட்டு விழுந்து, அதன் குறுக்கே சிக்னல் தாண்டினால் திரும்பும் மின்னோட்டம் ஊரைச் சுற்றி வரும். கவனத்துக்குத் தப்பும் இன்னொன்று, தங்கமுலாம் பூசுவதற்காக ஒவ்வொரு தடத்தையும் ஓரத்தோடு இணைக்கும் வால் தடம். பேக்கேஜை அறுத்த பின்னும் அந்த வால் உள்ளே தங்கிவிடும். 3 மில்லிமீட்டர் வால், மின்காப்பு மாறிலி 4 உள்ள பொருளில், சுமார் 12.5 கிகாஹெர்ட்ஸில் கால்பங்கு அலைநீள ஒத்ததிர்வு கொடுத்து சிக்னலை விழுங்கும். நொடிக்கு 25 கிகாபிட் இணைப்பின் அடிப்படை அதிர்வெண்ணும் அதே 12.5 கிகாஹெர்ட்ஸ்தான்! வாலை அரித்து எடுக்க வேண்டும்; அல்லது மின்சாரமின்றிப் பூசும் முலாமுக்கு மாற வேண்டும்.

சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கெப்பாசிட்டர்களைக் கொட்டினால் இரைச்சல் தீராதா என்றால், தீராது. 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் அதன் தடமும் வியாவும் சேர்ந்து 1 நானோஹென்றி ஆனால், சுமார் 16 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே அது இண்டக்டராகவே நடந்துகொள்ளும். அதற்கு மேல் காப்பாற்ற வேண்டியது சிப்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டன்ஸ். ஆனால் உள்ளே 1 நானோஃபாரட், பேக்கேஜும் போர்டும் சேர்த்து 2.5 நானோஹென்றி என்றால், இரண்டும் சேர்ந்து ஊஞ்சலாடுவது ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸில். எஃப்எம் ரேடியோவின் நட்டநடுவில். காரில் சிப்பையும் ஆன்டெனாவையும் பக்கத்தில் வைக்கிறவர்களுக்கு இந்த ஒரு கணக்கு போதும். சப்ளை கால்களைக் கூட்டி இண்டக்டன்ஸைக் குறைத்தால் ஒத்ததிர்வு மேலே நகரும். கொஞ்சம் தொடர் மின்தடை கலந்தால் ஊஞ்சல் தணியும்.

எல்லோர் வாயிலும் முதலில் வரும் கவசம் கடைசிக்குரியது. மோல்டின் மேல் சில மைக்ரான் செம்பைத் தூவிப் படியவைக்கும் முறை கைப்பேசிச் சிப்புகளில் சிறப்பாக வேலை செய்கிறது. மின்னலை செம்புக்குள் ஊடுருவும் ‘தோல் ஆழம்’ 1 கிகாஹெர்ட்ஸில் சுமார் 2 மைக்ரான்தான். ஆனால் 1 மெகாஹெர்ட்ஸில் அது 66 மைக்ரான். பவர் சப்ளையின் ஸ்விட்சிங் காந்தப்புலத்துக்கு இந்தப் படலம் கொசுவலையில் தண்ணீர் பிடிப்பதற்குச் சமம். பக்கச் சுவர்களில் படலம் மேற்புறத்தைவிட மெல்லியதாகவே படியும். அறுத்த ஓரத்தில் தெரியும் கிரவுண்ட் செம்பைப் படலம் தொட வேண்டும். அங்கே பிசிறோ தூசியோ இருந்து தொடர்பு விட்டால், கவசமே ஆன்டெனா. மிகக் குறைந்த மின்தடையையும் அளக்கும் நான்கு முனை மீட்டரால் மேற்புறத்துக்கும் கிரவுண்ட் பந்துக்கும் இடையே அளந்து பார்ப்பதைத் தவிர்க்கக் கூடாது.

இரண்டு கோரிக்கைகள். 2025 பிப்ரவரியில் சென்னை ஐஐடியும் இஸ்ரோவும் அறிவித்த, விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சிப்பின் தயாரிப்பு மொகாலியில், பேக்கேஜிங் கர்நாடகத்தில், போர்டு குஜராத்தில், போர்டில் பொருத்தும் வேலை சென்னையில் என்று நடந்தது. வேலை இப்படிப் பல கைகள் மாறும்போது, பேக்கேஜின் கால் வாரியான மின்தடை, இண்டக்டன்ஸ், கெப்பாசிட்டன்ஸ் எண்களும் கூடவே பயணிக்க வேண்டும். சிப்பின் மின் நடத்தையை விவரிக்கும் ஐபிஸ் (IBIS) மாதிரிக் கோப்பில் இதற்கென்றே இடம் உண்டு. சிப் வாங்கும் நம் சிறு நிறுவனங்கள் விலைப்பட்டியலோடு அந்தக் கோப்பையும் கேட்டு வாங்கட்டும்.

அடுத்தது பயிற்சி. தரமணியில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனமான சமீரின் மையம் மின்காந்த இரைச்சல் சோதனை செய்கிறது. ஆனால் முழுக் கருவியும் தயாரான பிறகே பெரும்பாலோர் இப்படிப்பட்ட சோதனைக்குப் போகிறார்கள். அப்போது பேக்கேஜை மாற்ற முடியாது. சிப்பைத் தனியாக டெம் செல் (TEM cell) என்ற உலோக அளவீட்டுப் பெட்டியில் வைத்து 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 கிகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் முறை ஐஇசி 61967 என்ற சர்வதேசத் தரநிலையில் இருக்கிறது. பேக்கேஜிங் வேலைக்கு ஆள் எடுக்க அரசு நடத்தும் பயிற்சிகளில் பாண்டிங் இயந்திரத்தை ஓட்டுவதோடு இந்த அளவீட்டையும், மேலே சொன்ன ஏழு அவுட்புட் சோதனையையும் சேர்க்க வேண்டும். பின்னதற்கு ஆகும் பொருட்செலவு, ஆஸிலாஸ்கோப் முதலிய கருவிகள் நீங்கலாக, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கும்.

இப்படிக்கு,
சிப் பேக்கேஜ் வடிவமைப்பில் பணிபுரியும் இருவர்,
சென்னை