‘நூதன முறை’ என்றால் எந்த முறை?

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு ஒன்று உண்டு: ‘நூதன முறையில் பண மோசடி, சைபர் கிரைம் போலீஸார் விசாரணை’. எத்தனை லட்சம், எந்த ஊர், புகார் கொடுத்தவர் ஓய்வு பெற்றவரா குடும்பத் தலைவியா என்பதெல்லாம் செய்தியில் இருக்கும். அந்த நூதன முறை எது என்பது மட்டும் இருக்காது. ஓட்டைப் பிரித்து இறங்கித் திருடினான் என்றால் அப்படியே எழுதுகிறீர்கள். படித்துவிட்டு அடுத்த தெருக்காரர் தன் வீட்டு ஓட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொள்கிறார். செல்போனில் நடக்கும் திருட்டுக்கு மட்டும் ஏன் இந்த மூடுமந்திரம்? படிப்பவர் ‘ஐயோ பாவம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அதே வலை அவர் போனுக்கு வரும்போது அவருக்கு அடையாளம் தெரிவதில்லை.

இவற்றில் நூதனமும் ஒன்றுமில்லை. அரைத்த மாவையே அரைக்கிறார்கள். இப்போது அதிகம் ஓடுவது ஏ.பி.கே. கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு. வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’, ‘பி.எம். கிசான்’, ‘ஆர்.டி.ஓ. சலான்’ என்று ஏதாவது ஒரு பெயரில் வரும். பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஏ.பி.கே. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அனுப்பியவர் தெரிந்தவராகவே இருப்பார், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே திருடன் கைக்குப் போயிருக்கும். மாமா மகன் எண்ணிலிருந்து பத்திரிகை வந்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? தொட்டதும் திறந்துவிடாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவ அனுமதிக்கலாமா என்று போன் முதலில் கேட்கும். பிறகு ‘இன்ஸ்டால்’ கேட்கும். நிறுவியதும், எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி வேண்டும் என்று செயலி கேட்கும். ஆக, மூன்று இடத்தில் நின்று யோசிக்க வாய்ப்பு கிடைக்கிறது. மூன்றிலும் ‘சரி’ அழுத்திவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நம் கண்ணில் படும் முன்பே திருடனிடம் போய்விடும்.

‘ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று வங்கி வாசலில் பேனர் கட்டுகிறார்கள். ஆனால் இந்தத் திருட்டில் யாரும் ஓ.டி.பி. கேட்பதே இல்லை. அந்த ஒரு வரியை மனப்பாடமாக வைத்திருப்பவர்தான், ‘நான் யாரிடமும் சொல்லவே இல்லையே’ என்று விழிக்கிறார். கல்யாணப் பத்திரிகை படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ வரும், அதை நிறுவ வேண்டிய வேலையே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பேனரில் எழுதியிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

தெரியாமல் நிறுவிவிட்டால் என்ன செய்வது? பலர் அந்தச் செயலியை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது போதாது, சில செயலிகள் தங்கள் ஐகானையே மறைத்துக்கொள்ளும். முதலில் இணையத்தை அணைக்க வேண்டும்; மொபைல் டேட்டா, வைஃபை இரண்டையும். அடுத்து சிம்மைக் கழற்றி வீட்டில் கிடக்கும் பட்டன் போனில் போட வேண்டும். ஓ.டி.பி. இனி அங்கே வரும், திருடன் படிக்க முடியாது. அந்தப் போனிலிருந்தே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லலாம். வங்கியின் எண்ணைப் பாஸ்புக்கிலோ ஏ.டி.எம். அட்டையின் பின்பக்கத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடினால் அங்கேயும் போலி எண்கள் காத்திருக்கும். அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்பட்டிருக்கலாம் என்பதால் ##002# அழுத்தி எல்லாத் திருப்பலையும் ரத்து செய்துவிடுவது நல்லது. போனை முழுமையாக ரீசெட் செய்வது கடைசி வேலை. அதற்கு முன் வந்த செய்தி, அனுப்பிய எண், கோப்பின் பெயர் எல்லாவற்றையும் வேறு போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ரீசெட் செய்த பின் ஆதாரம் கிடைக்காது.

பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களைத் தேடி வருவது வேறு வலை: ‘பென்சில் பேக்கிங் வேலை, வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’. முதலில் பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய். அடுத்து டெலிவரிக்கு, அதற்கடுத்து ஜி.எஸ்.டி.க்கு. ஒவ்வொன்றும் ‘திரும்பக் கிடைக்கும் தொகை’ என்பார்கள். கட்டிய பணம் போய்விடுமே என்ற பயத்தில்தான் அடுத்த தொகையையும் கட்டுகிறார்கள், பேராசையில் அல்ல. டெலிகிராமில் வரும், ‘லைக் போட்டால் காசு’ என்கிற ‘டாஸ்க்’ வேலையும் இதே கதைதான். அங்கே முதல் ஓரிரு முறை சின்னத் தொகை உண்மையிலேயே கணக்கில் ஏறும், அது தூண்டிலில் குத்திய புழு. மண்டித் தெருவில் கடை வைத்திருப்பவருக்கோ ‘பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்’ என்று வரும். யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். பின் எண் கேட்கிறது என்றாலே நம் பணம் வெளியே போகப்போகிறது.

காந்தி நகர், சத்துவாச்சாரி பக்கம் பிள்ளைகளை வெளிநாட்டில் விட்டுவிட்டுத் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு, போலீஸ் என்று சொல்லி வீடியோ காலிலேயே ‘கைது’ செய்து மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ அழைப்பு. அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொன்னார். எந்த போலீஸும் வீடியோ காலில் விசாரணை நடத்தி, ‘சரிபார்க்க’ப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. போனைத் துண்டித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். அதைச் செய்துவிடக் கூடாது என்றுதான் ‘யாரிடமும் பேசாதே, கேமராவை அணைக்காதே’ என்று மிரட்டுகிறார்கள்.

பணம் போன பிறகு நேரம்தான் எல்லாம். ஏமாந்தவர் முதலில் வீட்டுக்குச் சொல்லத் தயங்குகிறார். பிறகு வங்கிக் கிளைக்குப் போகிறார், அது இரண்டாவது சனிக்கிழமையாக இருக்கும். திங்கட்கிழமை காவல் நிலையம் போவதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து நாலைந்து கணக்குகளாகப் பிரிந்து, எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிட்டிருக்கும். சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண் இதற்காகவே இருக்கிறது. பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தச் சொல்லி வங்கிகளுக்கு உடனே தகவல் போகும். அழைக்கும்போது கையில் வைத்திருக்க வேண்டியவை: வங்கியின் பெயர், கணக்கு எண், தொகை, பணம் போன தேதி, நேரம், பரிவர்த்தனை எண். யு.பி.ஐ. என்றால் அந்த எண் 12 இலக்கம். ஜி-பே, போன்-பே எதுவானாலும் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் உள்ளே இருக்கும். இந்த எண்ணைத் தேடுவதிலேயே பலருக்கு அரைமணி போய்விடுகிறது. இன்றே ஒரு பழைய பரிவர்த்தனையைத் திறந்து அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போனால், 3 வேலை நாள்களுக்குள் வங்கியிடம் தெரிவித்தவருக்கு இழப்பில்லை. நாமே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரை போனது நம் இழப்பு, தெரிவித்த பிறகு போவது வங்கியின் இழப்பு. அதனால் வங்கியிடம் புகார் கொடுத்த நேரத்துக்கு ஓர் எழுத்துச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பணத்தோடு நிற்கிற விஷயமும் அல்ல இது. 2018 மே மாதம் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று ஊர் திரண்டு அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். ‘வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை ஊர் முன்பே நம்பியிருந்தது. அந்த ஆண்டு நாடு முழுக்கச் சுற்றிய பிள்ளை பிடிக்கும் வீடியோக்களில் ஒன்று கராச்சியில் விழிப்புணர்வுக்காக எடுத்தது. கடைசியில் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விடும் காட்சியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். 2023 மார்ச்சில் வதந்தி எதிர்த்திசையில் ஓடியது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று இந்தியில் பரவியவற்றில் சம்பந்தமில்லாத வீடியோக்கள் பல. சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் ஆண்டு முழுக்க வங்காளமும் இந்தியும் பேசும் நோயாளிகள் தங்கியிருக்கும் ஊர் இது. இப்படி ஒரு ஃபார்வர்டு இங்கே என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வீடியோவைச் சரிபார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். கடைப் பலகை, வண்டி நம்பர், போலீஸ் சீருடை என ஏதாவது தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மேலே யாரோ ஒட்டிய சிவப்பு எழுத்துகளை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும், படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். எழுத்தோடு போட்டால் அது எழுத்தைத்தான் தேடும், பெரும்பாலோர் சறுக்கும் இடம் இது. வரும் முடிவுகளில் பழைய தேதியைப் பாருங்கள். பாலாற்றில் ‘இப்போது’ வெள்ளம் என்று வரும் படம் 2021 நவம்பரில் எடுத்ததாக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் அது உண்மை என்று அர்த்தமில்லை, இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது 5 கை மாறி வந்த சரக்கு. அனுப்பியவருக்கே அது எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்திருக்காது.

இதில் உங்கள் பங்கும் உண்டு. பத்திரிகைகளின் சின்னத்தைப் போட்டு, தலைவர் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகப் போலி நியூஸ் கார்டுகள் தேர்தல் நேரத்தில் குவிகின்றன. எழுத்துருவும் எழுத்துப் பிழையும் சில சமயம் காட்டிக்கொடுக்கும், எப்போதும் அல்ல. உங்கள் சொந்தப் பக்கத்தில் அந்தத் தேதியில் அந்தக் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான வழி. ‘இது எங்களுடையது அல்ல’ என்று நீங்கள் ஒரு மறுப்பு வெளியிடுவதற்குள் அது ஊரைச் சுற்றிவிடுகிறது. அந்த மறுப்பு இணையத்தில் மட்டும் வருவதால் டீக்கடையில் பேப்பர் படிப்பவர் கண்ணில் படுவதே இல்லை. அச்சிலும் போடுங்கள்.

கேட்பது இரண்டே. ஒன்று, மோசடிச் செய்தி வரும்போதெல்லாம் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம்: என்ன பெயரில் கோப்பு வந்தது, எந்தெந்த இடத்தில் ‘சரி’ அழுத்தினார், எங்கே நிறுத்தியிருக்கலாம், 1930. நான்கு வரி போதும். வழக்கு எண்ணுக்கும் பிரிவுக்கும் ஒதுக்கும் இடத்தைவிட அது அதிகமாகாது. மகளிர் குழுக் கூட்டத்தில் யாராவது அந்தக் கட்டத்தை உரக்கப் படித்தால் பத்து நிமிட வகுப்பு நடந்துவிடும். இன்னொன்று, ‘பேராசையால் ஏமாந்தார்’ என்ற வரி வேண்டாம். அதைப் படித்தவர், நாளைக்குத் தன் பணம் போனால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு இரண்டு நாள் கழித்துத்தான் புகாருக்கு வருகிறார். அதற்குள் அந்தப் பணம் எந்த வங்கிக் கணக்கிலும் இருப்பதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.