தங்கத்துக்குள் ஒரு பச்சை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. தேக்கா சந்தைக்கு மறுபடி நடந்தே போய் வருகிறார். உன்னை ரொம்ப விசாரித்தார்.

சமூக மன்றத்தில் தஞ்சாவூர் ஓவியம் கற்கிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? படத்தில் ஒட்டும் ரேக்கு, அதாவது தங்கத் தாள், கொஞ்சம் கனமானது. படத்தின் மரச் சட்டத்தில் ஒட்டுவதற்கென்று ஆசிரியர் சனிக்கிழமை அதைவிட மெல்லிய ரேக்கு ஒன்று கொண்டுவந்தார். அசல் தங்கம், மூச்சுக் காற்று பட்டாலே சுருண்டுகொள்கிறது. கிழிந்துபோன ஒரு துண்டை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் பதினோராம் மாடி ஜன்னலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், பச்சை! வாழையிலைப் பச்சை இல்லை. குளத்தில் மூழ்கிக் கண்ணைத் திறந்தால் தெரியுமே, நீலம் கலந்த அந்தப் பச்சை. எதிர் புளோக்கில் மூங்கில் கழியில் காய்ந்த துணிகள்கூட அதன் வழியே மங்கலாகத் தெரிந்தன. வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தால் பழையபடி மஞ்சள் தங்கம்.

அப்புறம் இரவெல்லாம் இதைத்தான் படித்தேன். உலோகத்துக்குள்ளும் ஒளி நுழைகிறது, ஆனால் வெகுதூரம் போக முடிவதில்லை. அதிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஆடி, பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. உள்ளே போனதும் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்கு (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒருமுறை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இந்த ரேக்கு சுமார் 100 நானோமீட்டர்தான். தலைமுடியின் கனத்தில் சில நூறில் ஒரு பங்குதான் வரும். அதனால்தான் துளி வெளிச்சம் தப்பி வருகிறது. சிவப்பையும் மஞ்சளையும் தங்கம் திருப்பி அனுப்புகிறது, நீலத்தில் பெரும்பகுதியை விழுங்குகிறது. நடுவில் நழுவி வருவது இந்தப் பச்சை.

1857இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி இதே ரேக்கைக் கண்ணாடியில் ஒட்டிச் சூடாக்கியிருக்கிறார். பச்சை போய்விட்டதாம். வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்ததும் அழுத்திய இடத்தில் பச்சை திரும்ப வந்ததாம்! அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

2019 டிசம்பர் 26 நினைவிருக்கிறதா? நீ சிங்கப்பூரில் இருந்த கடைசி வருஷம். வளையச் சூரிய கிரகணத்தைப் புளோக்கின் கீழே நின்று ஒரே அட்டைக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோமே. அதிலிருந்த வெள்ளி நிறத் தாளும் அலுமினியப் பூச்சுதான். அது லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும். ரேக்கு அப்படியில்லை, அதை வைத்துச் சூரியனைப் பார்த்துவிடாதே.

இந்தக் கடிதத்தோடு ஒரு ரேக்கு அனுப்புகிறேன். தாளைப் பிரிப்பதற்கு முன் மின்விசிறியை நிறுத்திவிடு.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி