கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள்

அன்புள்ள அண்ணா,

நான் நலம். அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? வேலை ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டது. குளிர்தான் இன்னும் பழகவில்லை.

"விடுவதற்கு எதற்கடா மீன் பிடிக்கிறாய்?" என்று போனில் சிரித்தீர்கள். இங்கே அளவுக்குச் சிறிய மீனை விட்டே ஆகவேண்டும், அது சட்டம். ஆனால் தூக்கி வீசிவிட்டால் விட்டதாக ஆகிவிடாது. நன்றாக நீந்திப் போன மீன்கூட இரண்டு நாள் கழித்துச் சாகலாம்.

மீன்மேல் வழுவழுவென்று இருக்குமே, கிருமியும் பூஞ்சையும் அண்டாமல் காப்பது அதுதான். காய்ந்த கையால் பிடித்தால் கையோடு வந்துவிடும். துணியால் பிடிப்பதும் கரைக் கல்லில் போடுவதும் அதைவிட மோசம்.

கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரோடுதான் ஏரிக்குப் போகிறேன். மனுஷன் மீனைத் தண்ணீரை விட்டு எடுப்பதே இல்லை. முழங்காலளவு நீரில் நின்று, நனைத்த இடது கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, குறடால் தூண்டில் முள்ளை வந்த வழியே திருப்பி எடுப்பார். நுனிக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளை முன்பே நசுக்கி வைத்திருப்பதால் சுலபமாகக் கழன்றுவிடும். முள்ளை விழுங்கியிருந்தால் நோண்டவே மாட்டார். வாயருகே தூண்டில் கயிற்றை வெட்டிவிடுவார். தொண்டையைக் கிழிப்பதற்கு முள் உள்ளேயே இருப்பது மேல்.

எனக்கு எரிச்சல் வருவது போட்டோ பைத்தியங்களைப் பார்த்தால்தான். செவுளுக்குள் விரலை விட்டுத் தொங்கவிட்டுச் சிரிக்கிறார்கள்! செவுள் இழைகள் தண்ணீரில்தான் விரிந்திருக்கும், காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எங்கே மூச்சு? பெரிய மீனைத் தாடையில் தொங்கவிட்டால் அதன் எடையே அதை வதைக்கும். படம் வேண்டுமென்றால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, படுக்கைவாட்டில் இரண்டு கையாலும் தூக்கி, 10 விநாடிக்குள் இறக்கிவிட வேண்டும்.

வெயில் காலத்தில் கூடுதல் கவனம். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் குறையும். ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பெரியவர் அதற்குத் தூண்டிலே போடமாட்டார்.

களைத்த மீனைத் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்தாலே போதும். ஆறாக இருந்தால் முகம் நீரோட்டத்தைப் பார்த்து இருக்கட்டும். முன்னும் பின்னும் ஆட்டக் கூடாது. செவுள் சீராகத் திறந்து மூடத் தொடங்கியதும் வாலை ஓர் உதறு உதறிவிட்டுத் தானே போய்விடும்.

சின்னவன் தூண்டில் கேட்கிறான் என்றீர்களே, வரும்போது எதிர்முள் இல்லாத முள்ளாகவே வாங்கி வருகிறேன். அதுவரை இருப்பதைக் குறடால் நசுக்கிக் கொடுங்கள். விரலில் குத்தினாலும் சட்டென்று எடுத்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் தம்பி