ரஷ்யா போகும் பிள்ளைகளுக்கு முதலில் ஒலிப்பு விசைப்பலகை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவம் படிக்க ரஷ்யா செல்லும் மாணவர்களுக்காகத் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்திருந்த யோசனைகளைப் படித்தேன். கட்டணம், விசா, குளிர் உடை எல்லாம் விரிவாக இருந்தன. மொழிக்கு மட்டும் ஒரே வரி: போவதற்கு முன் அடிப்படை ரஷ்யன் கற்றுக்கொள்வது நல்லது என்று. அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற ஒரு நடைமுறைச் சிக்கலைப் பற்றித்தான் எழுதுகிறேன். கற்ற ரஷ்யனைக் கணினியில் எப்படித் தட்டுவது?

நான் நாகர்கோவிலில் வீட்டிலேயே ரஷ்யன் சொல்லித்தருகிறேன். அதற்கு முன் பல ஆண்டுகள் ரஷ்ய இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்க்கும் வேலையில் இருந்தேன். வேறு எங்கோ சேர்ந்து பாதியில் விட்டுவிட்டு என்னிடம் வரும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலருடைய நோட்டின் முதல் பக்கத்தில் ரஷ்ய நாட்டு விசைப்பலகையின் படம் ஒட்டியிருக்கும். "இதைத்தான் பழக வேண்டும், ஒலிப்பு முறையைத் தொட்டால் கை கெட்டுவிடும்" என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்களாம். ஒலிப்பு முறை என்பது ஒலியில் ஒத்த ஆங்கில விசையிலேயே ரஷ்ய எழுத்தை வைக்கும் அமைப்பு. எழுத்தே இன்னும் பிடிபடாத பிள்ளை, எந்த எழுத்து எந்த விசையில் ஒளிந்திருக்கிறது என்றும் தேட வேண்டும். இரண்டு வாரத்தில் களைத்துப்போய், கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து ஆங்கிலத்தில் பேசி, வருவதை வெட்டி ஒட்டத் தொடங்கிவிடுகிறது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ரஷ்ய நாட்டு விசை அமைப்பு மோசமானது என்று நான் சொல்லவில்லை. மேல் வரிசையின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ய்த்ஸுகென்' என்பார்கள், ஆங்கிலத்தில் 'க்வெர்ட்டி' என்பதைப் போலவே. தட்டச்சு இயந்திரக் காலத்திலிருந்து வருவது. 1918 எழுத்துச் சீர்திருத்தத்தில் நீங்கிய எழுத்துகளை எடுத்துவிட்டால் அடிப்படை இன்றும் அதேதான். அதிகம் வரும் எழுத்துகள் ஆள்காட்டி விரல்களுக்குக் கீழே இருக்கும். விரல் வைக்கும் மேடு உள்ள எஃப் விசையில் 'ஆ', ஜே விசையில் 'ஓ'. ரஷ்யனில் மிக அதிகம் வரும் எழுத்தே அந்த 'ஓ'தான். தாய்மொழிக்காரர் வேகமாகத் தட்ட இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நம் பிள்ளைகளின் விரல்களில் ஏற்கெனவே ஆங்கிலம் ஊறியிருக்கிறது. சிலர் டைப்ரைட்டிங் ஹையர் வரை பாஸ் செய்தவர்கள். 'ரெஸ்தரான்' என்ற எளிய சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், உணவகம் என்று பொருள். ரஷ்யப் பெரிய எழுத்தில் எழுதியதை ஆங்கிலக் கண்ணோடு பார்ப்பவர் 'பெக்டோபா' என்றுதான் படிப்பார். 'ர' ஒலிக்குரிய எழுத்துக்கு ஆங்கில 'பி'யின் உருவம், 'ஸ'வுக்கு 'சி'யின் உருவம், 'ன'வுக்கு 'எச்'சின் உருவம். ரஷ்ய அமைப்பில் இதே சொல்லைத் தட்ட எச், டி, சி, என், ஜே, எச், எஃப், ஒய் என்று விரல் ஓட வேண்டும். கண் ஒன்று சொல்கிறது, காது ஒன்று சொல்கிறது, விரல் மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது.

ஒலிப்பு அமைப்பில் ஆர் விசையைத் தட்டினால் ர ஒலிக்குரிய ரஷ்ய எழுத்தான 'எர்' விழும். எஸ் விசைக்கு 'எஸ்', என் விசைக்கு 'என்'. ரெஸ்தரான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே ஆங்கிலத்தில் தட்டுவதுபோல் தட்டினால் போதும். திரையில் விழுகிற உருவத்தைப் பார்த்து, "ஓ, ர ஒலிக்கு இந்த வடிவமா" என்று பிள்ளை தானாகவே பிடித்துக்கொள்கிறது. எழுத்தும் ஒலியும் ஒட்டிக்கொள்வது இங்கேதான். என் வகுப்பில் வாசிப்பு வேகம் கூடியதற்கு இதுவே காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இது வெளிநாட்டாருக்குக் கொடுக்கும் ஊன்றுகோல், ரஷ்யர் மதிக்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒலியை வைத்து எழுத்துகளை இணைக்கும் எண்ணம் ரஷ்யப் பொறியாளர்களுக்கே பழக்கமானது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கவும் அனுப்பவும் பயன்பட்ட சோவியத் காலத்துக் கோய்-8 குறியீட்டில் ரஷ்ய எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கவில்லை. ஒலியில் ஒத்த ஆங்கில எழுத்து எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக வைத்தார்கள். அந்தக் குறியீட்டில் ஓர் எழுத்துக்கு 8 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்). அந்நாளில் பல தகவல் வழிகள் அவற்றில் 7 பிட் மட்டுமே கடத்தும். வழியில் எட்டாவது பிட் உதிர்ந்துபோனாலும் கடிதம் குப்பையாகாது. ரஷ்யச் சொற்கள் ஆங்கில எழுத்தில், பெரியது சிறியதாகவும் சிறியது பெரியதாகவும் மாறி வந்து சேரும், வாசித்துவிடலாம். 1993இல் கோய்8-ஆர் என்று இணைய ஆவணமாகப் பதிவானபோதும் இந்த ஏற்பாடு அப்படியே இருந்தது. 1980களில் சோவியத் வீடுகளுக்கு வந்த பிகே-0010 கணினியில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே ரஷ்ய வரிசை அப்படியே இருக்க, ஆங்கில எழுத்துகளை ஒலி பார்த்து அந்தந்த ரஷ்ய எழுத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள்.

ஒலி பார்த்து வைப்பதன் பயன் இன்றும் தெரிகிறது. ரஷ்யாவில் விசைப்பலகையின் மொழியை மாற்ற மறந்து 'பிரிவெட்' (வணக்கம்) என்று தட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக விழும். அதைக் கண்டுபிடித்துத் திருத்தவே 'புன்டோ ஸ்விட்சர்' என்றொரு மென்பொருள் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. ஒலிப்பு முறையில் மாற்ற மறந்தாலும் பிரிவெட் பிரிவெட்டாகவே வாசிக்கக் கிடைக்கும்.

தமிழில் நமக்கு இந்த வழக்கு புதிதில்லை. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு வந்த நாளிலிருந்து, அதுவா, 'அம்மா' என்பதை ஆங்கில விசைகளில் ஒலிப்படித் தட்டுவதா என்று விவாதித்துக்கொண்டே இருக்கிறோம். இந்தக் கடிதத்தை நான் தமிழ்99இல்தான் தட்டுகிறேன், மாணவர்களுக்கும் அதையே சொல்கிறேன். தமிழ் எழுத்து நமக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது, அடுத்த தேவை வேகம். ரஷ்யனில் எழுத்தே புதிது. அதனால் என் பதில் அங்கே வேறு.

குறைகளும் உண்டு. ரஷ்யனில் 33 எழுத்துகள், ஆங்கில விசைகள் 26. மிஞ்சியவை அடைப்புக்குறி விசைகளிலும் எண் விசைகளிலும் போய் உட்காருகின்றன. 'ஷா'வும் 'ஷ்ஷா'வும் எங்கே என்று ஆரம்பத்தில் தடுமாறத்தான் செய்வார்கள். இதைவிடப் பெரிய தொல்லை, ஒலிப்பு அமைப்பு ஒன்றல்ல, பல. 'யாவெர்ட்டி' என்பதில் டபிள்யூ விசைக்கு 'வே' வரும். அமெரிக்க ஸ்லாவிய மொழி ஆசிரியர் சங்கத்தின் பெயரால் வழங்கும் 'யாஷெர்ட்டி'யில் அதே விசைக்கு 'ஷா'. எச் விசை ஒன்றில் 'ஹா', மற்றதில் 'சே'. வகுப்பில் ஒருவர் ஒன்று, இன்னொருவர் வேறொன்று என்று வைத்துக்கொண்டால் குழப்பம்தான். எதையாவது ஒன்றைத் தேர்ந்து எல்லாரும் அதிலேயே நிற்க வேண்டும்.

காசு செலவில்லை. விண்டோஸ் 8 முதல் 'ரஷ்யன் – நிமானிக்' என்று ஓர் அமைப்பு உள்ளேயே இருக்கிறது. எஸ், எச் இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'ஷா' விழும். ஆங்கிலம் வழியாகத் தமிழ் தட்டியவர்களுக்கு இது உடனே பழகிவிடும். எஸ் தட்டியதும் எழுத்து வரவில்லையே என்று பதறக் கூடாது, அடுத்த விசைக்காக அது காத்திருக்கும். ஆப்பிள் கணினியிலும் லினக்ஸிலும் ஒலிப்பு அமைப்பு சேர்ந்தே வருகிறது. கடைகளில் விற்கும் ரஷ்ய எழுத்து ஸ்டிக்கரை மட்டும் இந்தக் கட்டத்தில் வாங்க வேண்டாம். அது ரஷ்ய நாட்டு வரிசைக்கானது. ஒட்டினால் திரையில் வருவதும் விசையில் இருப்பதும் வேறு வேறாக இருக்கும்.

அங்கே போய்த் தங்கப் போகிறவர்கள் ஒலிப்பு முறையோடு நின்றுவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக நூலகத்திலும் மருத்துவமனையிலும் ரஷ்ய வரிசைதான் இருக்கும். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி பேசுவது ரஷ்யன். அவர் சொல்வதைக் கேட்டு நோய் வரலாறு எழுதும் கட்டம் வரும்போது கை தயாராக இருக்க வேண்டும். அதனால் எழுத்து நன்றாகப் பதிந்த பிறகு, கிளம்புவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, மாணவர்களை ரஷ்ய வரிசைக்கு மாற்றுகிறேன். அங்கத்திய தட்டச்சு வகுப்பில் முதல் பாடமான 'ஃபிவா–ஓல்ட்ஜ்' (விரல்கள் அமரும் நடு வரிசை எழுத்துகள்) பயிற்சியில் தொடங்குகிறோம். ஸ்டிக்கர் வாங்க வேண்டிய நேரமும் அதுதான், ஆனால் பார்க்காமல் தட்டப் பழகுபவருக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. எழுத்தைத் தேடும் பாரம் இறங்கிவிட்டதால் இந்த மாற்றம் அவர்களுக்குச் சிரமமாக இல்லை. ஒலிப்பு முறையால் கை கெட்டுப்போன பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை.

ரஷ்யாவில் கல்வியாண்டு செப்டம்பர் 1 அன்று தொடங்குகிறது. அதற்கு முன்பாகத் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், ரஷ்ய ஒலிப்பு விசைப்பலகையை விண்டோஸில் சேர்க்கும் முறையைப் படங்களுடன் ஒருமுறை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விசைகளின் படம் எதிலும் எந்த அமைப்புக்கானது என்ற பெயரையும் மறக்காமல் போடுங்கள்.

இப்படிக்கு,
ரஷ்ய மொழி ஆசிரியை ஒருவர்,
நாகர்கோவில்