எக்ஸ் படமும் நீலப்படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபதுகளின் பிரிட்டிஷ் செக்ஸ் காமெடிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்' (1974) படத்துக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தீர்கள். விமர்சகர்கள் காறித் துப்பினார்கள், ஜனங்கள் வரிசையில் நின்றார்கள், ஆகவே அன்றைய பிரிட்டிஷ் ரசனை மட்டமானது என்று கட்டுரையாளர் கணக்கை முடித்துவிட்டார். போகிற போக்கில் 'நீலப்படம்' என்றும் எழுதியிருக்கிறார். கணக்கு தப்பியது அந்தச் சொல்லில்தான்.

தணிக்கைப் பக்கமே தலைவைக்காமல் திருட்டுத்தனமாக ஓட்டப்படுவதைத்தான் நாம் நீலப்படம் என்போம். இந்தப் படமோ கொலம்பியா என்ற ஹாலிவுட் ஸ்டுடியோ பணம் போட்டு, தணிக்கை வாரியத்திடம் 'எக்ஸ்' சான்றிதழ் வாங்கி, ஊருக்கு நடுவே இருந்த பெரிய தியேட்டர்களில் பகிரங்கமாக ஓடியது. 1951-ல் எக்ஸ் வந்தபோது வயது வரம்பு 16. 1970-ல் அதை 18 ஆக்கினார்கள். வரம்பு ஏறியதும் வாரியத்தின் பிடி கொஞ்சம் தளர்ந்தது. ஆடை களையலாம், கட்டிலில் புரளலாம்; நிஜ உறவைக் காட்டினால் மட்டும் கத்தரி விழும். அந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டு பெரியவர்களுக்கான படம் எடுப்பவருக்குக் கைகொடுப்பது சிரிப்புதான். எந்த இடத்தில் கத்தரி விழுமோ அந்த இடத்தில் ஏணி சரியும், வாளி கவிழும், புருஷன் வந்து நிற்பான்.

இந்தப் படத்தின் சமையலறைக் காட்சியைப் பாருங்கள். சன்னல் துடைக்க வந்த டிம்மி லீயும் வீட்டுக்காரியும் தரையெல்லாம் சோப்பு நுரையில் உருளுகிறார்கள். வாரியத்தை உறுத்தக்கூடியதை அந்த நுரை மூடிவிடுகிறது. கையும் காலும் வழுக்குவதால் ஆசை நொடியில் சர்க்கஸாகிவிடுகிறது. டிம்மியாக நடித்த ராபின் ஆஸ்க்வித்தின் முகத்தில் தெரிவது வெற்றிக் களிப்பு அல்ல, பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்ட பையனின் பீதி. இந்தப் படத்தில் அவன் யாரையும் மயக்குவதில்லை. எல்லாம் அவனுக்கு நடக்கிறது. கிளர்ச்சியை எதிர்பார்த்து வந்தவருக்கு நுரை தொந்தரவு, நல்ல நகைச்சுவையை எதிர்பார்த்து வந்தவருக்கு நிர்வாணம் தொந்தரவு. "சிரிப்பும் வரவில்லை, சூடும் ஏறவில்லை" என்ற ரீதியில் விமர்சகர்கள் எழுதியது பொய்யல்ல. ஆனால் அந்த ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் நிலைக்கு ரசிகனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. சான்றிதழ் விதிகளும் வரவு செலவும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

வரவு செலவைக் கட்டுரை தொடவே இல்லை. பிரிட்டிஷ் தியேட்டர்களில் 1946-ல் விற்ற டிக்கெட்டுகள் 163 கோடிக்கு மேல். 1984-ல் வெறும் 5.4 கோடி. கூட்டத்தைத் தொலைக்காட்சி வீட்டோடு உட்கார வைத்துவிட்டது. அறுபதுகளின் கடைசியிலிருந்து அமெரிக்க ஸ்டுடியோக்களும் பணத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பத் தொடங்கின. மிச்சமிருந்த ஆதரவு 'ஈடி லெவி'. 1950-ல் விருப்ப ஏற்பாடாகத் தொடங்கி, 1957-ல் சட்டமாகி, 1985-ல் ஒழிக்கப்பட்டது இது. டிக்கெட் பணத்தில் ஒரு சிறு பங்கு பொது நிதிக்குப் போகும். அந்த நிதியை பிரிட்டிஷ் படங்களுக்கு அவற்றின் உள்நாட்டு வசூல் விகிதப்படி பிரித்துத் தருவார்கள். படம் நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை. ஓடுகிற படத்துக்கே மேலும் பணம். அப்படியென்றால் தயாரிப்பாளர் என்ன எடுப்பார்? குறைந்த செலவில், உள்ளூர் நடிகர்களை வைத்து, தொலைக்காட்சி காட்ட முடியாத ஒன்றை எடுப்பார். 1974-ல் பிரிட்டனில் அதிக வசூல் குவித்த பிரிட்டிஷ் படமாக விண்டோ கிளீனர் நின்றதற்கு ரசனையைவிட இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்பேன்.

இன்னொரு தவறு, இதை எடுத்தவர்கள் எல்லாரும் 'மூன்றாந்தரக் கூட்டம்' என்பது. இயக்குநர் வால் கெஸ்ட், 'த டே த எர்த் காட் ஃபயர்' (1961) திரைக்கதைக்காக பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதைப் பகிர்ந்துகொண்டவர். நிர்வாகத் தயாரிப்பாளர் மைக்கேல் கிளிங்கர், 'கெட் கார்ட்டர்' (1971) தந்தவர். நாயகனின் பெயரையே புனைபெயராக்கி, டிமோதி லீ என்று மூல நாவலை எழுதிய கிறிஸ்டோபர் வுட், பின்னாளில் 'த ஸ்பை ஹூ லவ்ட் மீ', 'மூன்ரேக்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு எழுதினார். ஆஸ்க்வித் இந்தப் படத்துக்கு முன்பே லிண்ட்சே ஆண்டர்சன், பசோலினி போன்ற பெயர்பெற்ற இயக்குநர்களின் படங்களில் தலைகாட்டியவர். 1975-ல் ஈவ்னிங் ஸ்டாண்டர்ட் நாளிதழின் திரைப்பட விருதுகளில் நம்பிக்கையூட்டும் புதுமுக நடிகர் விருது அவருக்குத்தான் போனது. விமர்சகர்கள் ஒரே குரலில் திட்டினார்கள் என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

என் கருத்தில் படத்தின் உயிர் கட்டிலில் இல்லை, லீ குடும்பத்தின் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. தொலைந்த பொருள் அலுவலகத்திலிருந்து கண்டதையெல்லாம் வீட்டுக்குச் சுமந்து வரும் அப்பாவாக பில் மேனார்ட். பீற்றிக்கொள்ளும் மாப்பிள்ளை சிட்டாக டோனி பூத், மாமியாராக டாண்டி நிக்கல்ஸ். 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொலைக்காட்சித் தொடரிலும் இவர்கள் இருவரும் மருமகன், மாமியார்தான். தியேட்டருக்கு வந்தவர்கள் வீட்டில் பார்த்துப் பழகிய அதே உறவு, இங்கே கொஞ்சம் துணி குறைந்த சூழலில். இது விபத்தல்ல, கணக்குப் போட்டுச் செய்த நடிகர் தேர்வு. சம்பந்தி வீட்டாராக ஜான் லெ மெஷூரியரும், பின்னாளில் பிபிசி தொடரில் துப்பறியும் மிஸ் மார்ப்பிளாக நிலைத்துவிட்ட ஜோன் ஹிக்ஸனும் வருகிறார்கள்.

விண்டோ கிளீனர் காட்சி என்று கட்டுரையோடு நீங்கள் அச்சிட்ட புகைப்படம் வேறு கதை. உடற்பயிற்சி வரிசையில் பிகினி மேல்துண்டு பறக்கும் அந்தக் காட்சி, 'கேரி ஆன்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைப் பட வரிசையில் வந்த 'கேரி ஆன் கேம்பிங்' (1969) படத்தினுடையது. அதில் இருப்பவர் பார்பரா வின்ட்ஸர். கோடைக்கால முகாம் போலத் தெரியும் அது, 1968 அக்டோபர், நவம்பர் குளிரில் பைன்வுட் ஸ்டுடியோ தோட்டத்தில் எடுக்கப்பட்டது. சேறு புல்லாகத் தெரிய அதன் மேல் பச்சைச் சாயம் அடித்தார்கள். மேல்துண்டில் தூண்டில் நரம்பைக் கட்டி, ஃபிரேமுக்கு வெளியே இருந்து சுண்டி இழுத்தார்கள். துணி பறந்ததும் கை மார்பை மறைத்துவிட வேண்டும். மற்ற முகங்களின் அதிர்ச்சிதான் சிரிப்பு. படத்துக்கு 'ஏ' சான்றிதழ். நம் ஊர் 'ஏ' என்று நினைத்துவிடக் கூடாது. அன்று அங்கே அது குழந்தைகளும் பார்க்கக்கூடிய படம். 1969-ல் பிரிட்டிஷ் வசூலில் முதலிடம் இதற்குத்தான்.

கேரி ஆன், எக்ஸ் படம் என்ற இந்த இரண்டு வகையையும் ஒரே மூட்டையில் கட்டியதால்தான் கட்டுரைக்குக் கலவையான வரவேற்பின் காரணம் பிடிபடவில்லை. கேரி ஆன் வசனங்கள், குறிப்பாக டால்பட் ராத்வெல் எழுதியவை, அசல் சிலேடைகள். சிலேடையில் இரண்டு பொருளும் தனித்தனியே முழுசாக நிற்க வேண்டும். பாம்புக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பொருந்தப் பாடிய காளமேகத்தைப் படித்த நமக்கு இது புதிதல்ல. சொல்பவர் அப்பாவி முகத்தோடு சொல்ல, கேட்பவர் மனசு அழுக்காக வேண்டும். எட்டு வயதுப் பையன் ஒன்றைக் கேட்டுச் சிரிப்பான், பக்கத்தில் அப்பா வேறொன்றைக் கேட்டுச் சிரிப்பார். எக்ஸ் படத்தில் அந்தப் பையனும் இல்லை, மறைக்க வேண்டிய பொருளும் இல்லை. திறந்து காட்டிய பிறகு இரட்டை அர்த்தத்துக்கு வேலை என்ன? ஆகவே வாய்ச் சிரிப்பு போய் வழுக்கி விழும் சிரிப்பு வந்தது. எக்ஸ் படங்களின் பக்கம் சாய்ந்த கேரி ஆனும் கரையேறவில்லை. 'கேரி ஆன் இங்கிலாந்து' (1976) முதலில் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான 'ஏஏ' வாங்கி, குடும்பக் கூட்டத்தை இழந்துவிடுவோம் என்று வெட்டி மறுபடி 'ஏ'-வுக்கு வந்தும் படுத்துவிட்டது. 1978-ல் வரிசையே நின்றுபோனது.

விண்டோ கிளீனரின் தொடர்ச்சிகள் மூன்று. பாப் பாடகன் (1975), கார் ஓட்டப் பழக்குபவன் (1976), விடுமுறை முகாம் (1977). மூன்றையும் இயக்கியவர் நார்மன் கோஹன். தொழில் மாறுகிறது, கதை மாறவில்லை. போட்டிக்கு ஸ்டான்லி லாங் எடுத்த 'அட்வென்சர்ஸ் ஆஃப் எ டாக்ஸி டிரைவர்' (1976) படத்தின் நாயகன் யார் தெரியுமா? 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொலைக்காட்சித் தொடரின் வாத்தியாராக நம்மில் பலருக்குப் பழக்கமான பாரி எவான்ஸ்!

'கம் ப்ளே வித் மீ' (1977) 201 வாரங்கள் ஓடியது என்ற உங்கள் ஒற்றை வரிக்கும் விளக்கம் தேவை. லண்டன் சோஹோவின் மூலன் தியேட்டரில் அது 201 வாரங்கள் தொடர்ந்து ஓடியது உண்மைதான். ஆனால் அதை ஊரே கொண்டாடியதாக வாசிக்கக் கூடாது. பணம் போட்ட டேவிட் சல்லிவன் கவர்ச்சி இதழ்களின் முதலாளி. தன் இதழ்களிலேயே கவர்ச்சி மாடல் மேரி மில்லிங்டனை முன்னிறுத்தி மாதக்கணக்கில் ஆசை காட்டினார். மில்லிங்டனைப் பார்க்க டிக்கெட் எடுத்தவருக்குக் கிடைத்தது அவரது சிறு வேடமும், அல்ஃபி பாஸ், ஐரீன் ஹேண்டில் போன்ற மூத்த நகைச்சுவை நடிகர்களின் பழைய மேடைக் குறும்பும். ஏமாந்தவர் மறுபடி வர மாட்டார். வெளியூர்க்காரர்கள் வந்து போகும் சோஹோவில் அடுத்த வாரம் வேறு ஆள் வருவார். ஒரே தியேட்டர் என்பதை விட்டுவிட்டு 201 என்ற எண்ணை மட்டும் சொன்னால் வாசகர் தவறாகத்தான் எடை போடுவார்.

இதையெல்லாம் சொல்வதால் படத்துக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். அனுமதி இல்லாமல் சன்னல் வழியே எட்டிப்பார்ப்பதை வேடிக்கையாக்குவது இன்று கசக்கிறது. வருகிற பெண்களில் பாதிப்பேருக்குப் பெயர்கூட நினைவில் நிற்காது. டிம்மி காதலிக்கும் போலீஸ்காரப் பெண் மட்டும், லிண்டா ஹேடன் நடித்ததால், கொஞ்சம் மனுஷியாகத் தெரிகிறார். கடைசி அரைமணி நேரத்தில் திருமண ஏற்பாடுகள் தொடங்கியதும் திரைக்கதை இழுபடுகிறது.

அடுத்த இதழில் புகைப்படக் குறிப்பையும், 'நீலப்படம்' என்ற சொல்லையும் திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
க. இரா., திருச்சி