நஞ்சு

கோவில்பட்டி,
14.7.2024

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுவது. நேற்றுதானே பேசினோம், எதற்குக் கடிதம் என்று கேட்பாய். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, அங்கே மழையா, குடை எடுத்துப் போனாயா என்று பேசி வைத்துவிடுகிறேன். சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இது அப்படி நின்றுவிடக் கூடாது.

போன மாதம் நீ அழுதாய். ஆராய்ச்சிக்கூடத்தில் தொப்புள்கொடியிலிருந்து எடுத்து வளர்த்த செல்லெல்லாம் பூஞ்சை பிடித்துப் போய்விட்டது, ஆறு வார வேலை குப்பைக்குப் போனது என்றாய். "இதெல்லாம் யாருக்கும்மா பிரயோஜனம்?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதைச் சொல்வதென்றால் 1987-ல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உன் அப்பாவைத் தவிர யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

அப்போது பிரசவ வார்டில் சேர்ந்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரும் நாள். அன்றைக்கு ஒரு பெண் வந்தாள். பத்தொன்பது வயது, தலைப்பிரசவம், ஏழு மாதம். கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. பி.பி. 150/100. மூத்திரத்தை டெஸ்ட் ட்யூபில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் மேல் பாதியைக் காய்ச்சி, அசிட்டிக் ஆசிட் இரண்டு சொட்டு விட்டேன். வெள்ளை கலையவில்லை. ஆல்புமின் என்கிற புரதம் மூத்திரத்தில் போகிறது. "என்ன தின்ன?" என்று கேட்டேன். "நார்த்தங்கா ஊறுகா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "உப்பு ஆகாதுன்னு எத்தன தடவ சொல்றது? நாக்க அடக்கத் தெரியாதா? பிள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒன் நாக்குதான் காரணம்" என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் அவள் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அட்மிட் ஆகச் சொன்னோம். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

பதினெட்டு நாள் கழித்து டிராக்டரில் போட்டுக் கொண்டுவந்தார்கள். வழியிலேயே இரண்டு தடவை வலிப்பு. அப்போது வலிப்பை அடக்க எங்களிடம் இருந்தது லிட்டிக் காக்டெயில் என்கிற மூன்று மருந்துக் கலவை, சென்னையில் டாக்டர் கிருஷ்ண மேனன் வகுத்துக் கொடுத்த முறை. அறையை இருட்டாக்கி, சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, மூன்று மருந்துகளையும் கொடுத்தோம். பிள்ளை இறந்தே பிறந்தது. பிள்ளைக்குப் பின்னால் விழும் நஞ்சு சின்னதாக, தட்டில் விரித்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுக் கட்டி இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குச் சொட்டு மூத்திரம் இறங்கவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்தேன். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். "சிஸ்டர் அன்னைக்கே சொன்னாங்களே, கேட்டாளா பாவி! ஊறுகாயத் தின்னு தின்னே போய்ட்டாளே!"

அது என் வார்த்தை, மலர். அவர் வாயிலிருந்து வந்தது என் வார்த்தைதான்.

இப்போது ப்ரீ-எக்லாம்ப்சியா என்கிறார்களே, எங்கள் புத்தகத்தில் இந்த நோய்க்கு டாக்ஸீமியா என்றுதான் பெயர். ரத்தத்தில் விஷம் என்று அர்த்தம். எந்த விஷம், எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆசிரியைக்கும் தெரியாது. இந்த நோய் எப்போது நிற்கும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். நஞ்சு விழுந்தால் நிற்கும். விழுந்த பிறகும் இரண்டு நாள் கண்ணை எடுக்கக் கூடாது, ஆனால் விழாமல் நிற்கவே நிற்காது. நம் கிழவிகள் அதற்கு நஞ்சு என்று ஏன் பேர் வைத்தார்கள் என்று நைட் டூட்டியில் எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன்.

பிறகு மெக்னீசியம் வந்தது. வலிப்புக்கு மற்ற மருந்துகளைவிட அதுதான் நல்லது என்று 1995-ல் நிரூபித்தார்கள். 2002-ல் 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் பார்த்து, முன்கூட்டியே கொடுத்தால் வலிப்பு பாதியாகக் குறைகிறது என்றார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊசி. ஒவ்வொரு தடவையும் முட்டியைத் தட்டிப் பார்க்க வேண்டும், மூச்சை எண்ண வேண்டும், மூத்திரம் எவ்வளவு இறங்கியது என்று அளக்க வேண்டும். முட்டி துள்ளவில்லை என்றால் அடுத்த டோஸ் கிடையாது. அந்த ரப்பர் சுத்தியல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. எத்தனையோ பேர் பிழைத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஆனாலும் உப்பைக் குறை, ஊறுகாயை நிறுத்து என்று சொல்வதை நான் நிறுத்தவில்லை. காரணம் தெரியாத இடத்தில் பழியைப் பொம்பளையின் நாக்கில் போடுவது சுலபமாக இருந்தது.

பொங்கலுக்கு வந்தபோது ஒரு கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டுப் போனாயே, 2003-ல் வந்தது. "நீ பார்த்த நோய்தான், படிச்சுப் பாரும்மா" என்றாய். அகராதியை வைத்துக்கொண்டு நான்கு தடவை படித்தேன். புரியாததை நீ போனில் சொன்னாய். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்.

ரத்தக்குழாய்க்கு உள்ளே ஒற்றை வரிசையில் செல்கள் பாய் விரித்த மாதிரி இருக்கின்றன. அவை வாடாமல் இருக்க ஒரு வளர்ச்சிக் காரணி, அதாவது வளரச் சொல்லும் ஒரு புரதம், வேண்டும். இத்தாலியில் கட்டானியா ஊரில் பிறந்த ஃபெராரா என்பவர் 1989-ல் அமெரிக்காவில் ஜெனென்டெக் கம்பெனியில் அதைப் பிரித்தெடுத்தார். மாட்டின் பிட்யூட்டரிச் செல்கள் வளர்ந்த நீரில் கிடைத்தது. மற்ற செல்களை விட்டுவிட்டு ரத்தக்குழாய்ச் செல்களை மட்டும் வளர்த்தது. அதுதான் வி.இ.ஜி.எஃப். எலிக்கு அந்த ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று போனாலே கரு கருப்பைக்குள்ளேயே இறந்துவிடுகிறது என்று 1996-ல் பெல்ஜியத்தில் நீ இருக்கிற அதே லூவனில் கண்டுபிடித்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே என்று உடம்பு விட்டுவிடவில்லை பார், அதில் நான் அன்றைக்கு முழுக்க நின்றுவிட்டேன்.

இந்தக் காரணியை வாங்கிக்கொள்ள செல்லின் மேல் ஏற்பி இருக்கிறது. அதே ஏற்பி செல்லில் ஊன்றாமல், தனியாக ரத்தத்திலும் மிதக்கிறது. ரத்த ஓட்டம் போதாமல் தவிக்கும் நஞ்சு இந்த மிதக்கிற ஏற்பியை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. அது வழியிலேயே காரணியைப் பிடித்துக்கொள்கிறது. மேல்மடைக்காரன் வாய்க்காலை மறித்துவிட்டால் கடைமடை காய்கிற மாதிரி, தாயின் சிறுநீரகமும் ஈரலும் மூளையும் காய்கின்றன. சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டு ஆல்புமின் ஒழுகுகிறது. பி.பி. ஏறுகிறது. புற்றுநோய்க்காக இதே காரணியைத் தடுக்கும் மருந்து கொடுத்தவர்களுக்கும் பி.பி. ஏறி, மூத்திரத்தில் ஆல்புமின் போனது என்று சொன்னாயே, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சிப் பார்த்த அந்த வெள்ளை அதுதானே.

பாஸ்டனில் இதைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர் அனந்த் கருமஞ்சி நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! மிதக்கிற ஏற்பியைக் கர்ப்பமான எலிகளுக்கு ஏற்றியதும், பி.பி., ஆல்புமின், சிறுநீரகக் கோளாறு மூன்றும் வந்துவிட்டன. அந்த எலிகளுக்கு யாரும் ஊறுகாய் கொடுக்கவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கட்டுரையில் அவர்கள் சோதனைக்கு வைத்தது எந்தச் செல்? தொப்புள்கொடியின் சிரையிலிருந்து எடுத்த செல். நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் தெளியும் நீரை, விட்டால் அவை குழாய் கட்டாமல் சிதறிக் கிடந்தன. அதே பெண்ணுக்குப் பிரசவமாகி இரண்டு நாள் கழித்து எடுத்த சீரத்தில் குழாய் கட்டின. வளர்ச்சிக் காரணியைச் சேர்த்ததும் நோய்ச் சீரத்திலும் கட்டின. நீ மைக்ரோஸ்கோப்பில் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்து, பந்தலில் அவரைக்கொடி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்றேனே, அதேதான். கொடியின் சிரைக்குள் கொலாஜினேஸ் என்கிற நொதியை விட்டு அலசி அந்தச் செல்களை எடுத்து வளர்க்கலாம் என்று 1973-லேயே நியூயார்க்கில் ஜாஃபே என்பவர் காட்டிவிட்டார். நான் ஆயிரக்கணக்கான கொடிகளை நறுக்கியிருக்கிறேன். இரண்டு தமனி, ஒரு சிரை இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, தட்டோடு குழிக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் அதற்குள் இருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்!

பூஞ்சை பிடித்தால் பிடிக்கட்டும். ஹூட்டை நன்றாகத் துடை, இன்குபேட்டரில் இருக்கும் தண்ணீர்த் தட்டை மாற்று. கொடி தருகிற வார்டு சிஸ்டரிடம் நின்று இரண்டு வார்த்தை பேசு. சுத்தமாக வெட்டி, சுத்தமான பாட்டிலில் போட்டுக் கொடுப்பது அவர் கையில்தான் இருக்கிறது. எங்களிடம் யாராவது வந்து எதற்கு என்று சொல்லிக் கேட்டிருந்தால் எவ்வளவு பத்திரமாக எடுத்துக் கொடுத்திருப்போம்.

நோய் தெரிவதற்கு ஐந்து வாரம் முன்பே அந்த ஏற்பி ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடுகிறது என்று 2004-ல் வந்ததையும் படித்தேன். இதை அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2023-ல் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்துவிட்டது. ஐந்து வாரம்! அந்தப் பெண் சிரித்துக்கொண்டு என் முன்னால் நின்ற நாளில் அது அவள் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்திருக்கும். சுகர் பார்க்கிற மாதிரி விரலில் குத்தி, கிராமத்து நர்ஸ் வீட்டு வாசலில் உட்கார்ந்தே பார்க்கிற அளவுக்கு இதைக் கொண்டுவர முடியுமா? உன் ஆராய்ச்சி அது இல்லை என்று தெரியும். ஆனால் அந்த வழியில் வேலை செய்கிறவர்கள் உன் கூட்டத்தில் இருப்பார்கள். பார்த்தால் ஒரு நர்ஸ் கேட்டாள் என்று சொல்.

இன்னும் ஒன்று. இந்த நோய் வராமல் தடுக்க உப்பைக் குறைக்கச் சொல்ல வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2011-ல் எழுதிவிட்டது. சாப்பாட்டில் கால்சியம் குறைவாக இருக்கிறவர்களுக்குக் கால்சியமும், ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 75 மில்லிகிராம் ஆஸ்பிரினும் கொடுக்கச் சொல்கிறார்கள். நான் அப்போது சர்வீஸில்தான் இருந்தேன். என் காதுக்கு வரவில்லை. வந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை பஸ் ஏறிக் கயத்தாறு பக்கம் அந்த ஊருக்குப் போனேன். பெயர் மறக்கவில்லை, வீட்டைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டேன். மாமியார் இருக்கிறார். எண்பது தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை, காது கேட்கிறது. யாரென்று சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியம்மா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அது உப்பால வந்தது இல்ல. நஞ்சுலருந்து ஒண்ணு ரத்தத்துல எறங்குது, அதால வந்தது. அவ மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுக்கு நார்த்தங்கான்னா உசுரு. முப்பத்தேழு வருசமா படைக்கயில எல்லாம் வைக்கேன், அத மட்டும் வைக்கல" என்றார்.

வருகிற ஆடி அமாவாசைக்கு வைக்கப் போகிறாராம். நம் வீட்டு ஜாடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பருப்புப்பொடி பார்சல் அனுப்பியாயிற்று.

அன்புடன்,
அம்மா