முகத்தைத் திருப்பிக்கொண்டவரை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் 1968 பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். பாரிஸ் மாணவர்கள், மார்ட்டின் லூதர் கிங் கொலை, ராபர்ட் கென்னடி கொலை, வியட்நாமில் டெட் தாக்குதல், செக்கோஸ்லோவாகியத் தலைநகர் பிராகில் ரஷ்ய டாங்கிகள் என்று அந்த வருஷத்தை மூன்று பக்கத்தில் அடக்குவது லேசான வேலை இல்லை. ஆனால் மெக்சிகோ ஒலிம்பிக்ஸுக்கு ஒரு படமும் நாலு வரியும்தான் கிடைத்திருக்கிறது. முப்பது வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதியவன் நான், சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்தப் படம். அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்துக் கறுப்புக் கையுறை மாட்டிய கையை உயர்த்தி நிற்கிறார்கள். கூட நிற்பவரை 'என்ன நடக்கிறதென்று தெரியாத வெள்ளைக்கார வீரர்' என்று போட்டிருக்கிறீர்கள். அவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் நார்மன், 200 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். அவருக்கு எல்லாம் தெரியும். மற்ற இருவரும் குத்தியிருந்த அதே பேட்ஜ் அவர் சட்டையிலும் இருக்கிறது, பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். 2006இல் நார்மன் இறந்தபோது சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் உண்டு.

சரி, அது படக்குறிப்புப் பிழை. என் ஆதங்கம் வேறு. பிராகுக்குள் டாங்கிகள் வந்ததை ஒரு முழுப் பத்தி எழுதியவர், அந்தக் கதை மெக்சிகோ மேடை வரை நீண்டதைச் சொல்லவே இல்லை.

வேரா சாஸ்லாவ்ஸ்கா என்று ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. செக்கோஸ்லோவாகியாக்காரர். 1964 டோக்கியோவில் மூன்று தங்கம் வென்றவர். 1968 ஜூனில், அந்த நாட்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சியில் தொடங்கியிருந்த சீர்திருத்தம் நின்றுவிடக் கூடாது என்று வெளியான 'இரண்டாயிரம் சொற்கள்' அறிக்கையில் இவரும் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆகஸ்ட் 20 இரவு சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைந்ததும், பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று மலைக்காட்டுப் பக்கம் போய் ஒளிந்தார். ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு மாதம்கூட இல்லை. காட்டில் தொங்கி ஆட ஏது பார், மேலே ஏறி நடக்க ஏது பீம்? உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினார், மரக்கிளையில் தொங்கி ஆடினார், விழுந்து கிடந்த மரத்தையே பீமாக வைத்துக்கொண்டார். பீமின் அகலம் 10 சென்டிமீட்டர். தரையில் சுண்ணாம்பால் அந்த அகலத்துக்குப் பட்டை போட்டு, அதற்குள் ஒரு குட்டிக்கரணம் போடச் சொன்னாலே என் மாணவர்களில் பாதிப் பேர் வெளியே கிடப்பார்கள்.

ஒருவழியாக அனுமதி கிடைத்து மெக்சிகோ போனார். நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. தரைப் பயிற்சிக்கு மெக்சிகோவின் நாட்டுப்புற நடன மெட்டையே போட்டு ஆடியதில் கூட்டம் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. அப்படியும் அந்தத் தங்கத்தை சோவியத்தின் லாரிசா பெட்ரிக்கோடு பகிர வேண்டியதாயிற்று. பெட்ரிக்கின் தகுதிச்சுற்று மதிப்பெண்ணைப் பின்னால் கூட்டிவிட்டார்கள் என்ற முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை. பீமில் தங்கம் இன்னொரு சோவியத் வீராங்கனை நடாலியா குசின்ஸ்காயாவுக்கு, வேராவுக்கு வெள்ளி. இரண்டு தடவையும் சோவியத் கீதம் ஒலித்தபோது வேரா தலையைத் தாழ்த்தி முகத்தை வலப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார்.

ஊர் திரும்பியதும் நான்கு தங்கத்தையும் சீர்திருத்தத்தை முன்னெடுத்த டூப்செக் உள்ளிட்ட நான்கு தலைவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார். அறிக்கையில் போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார். அதற்கப்புறம் பல வருஷம் சொந்த நாட்டில் பயிற்சியாளராகக்கூட விடவில்லை. 1989இல் ஆட்சி மாறி ஹாவெல் அதிபரான பிறகுதான், ஆலோசகராக மாளிகைக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்றும் உறுத்துகிறது. 'ஒலிம்பிக்ஸ் அக்டோபர் 12 அன்று கோலாகலமாகத் தொடங்கியது' என்று எழுதியிருக்கிறார். அதற்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, அதே மெக்சிகோ நகரத்தின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களை ராணுவம் சுட்டுத் தள்ளியது. செத்தவர் எத்தனை பேர் என்ற கணக்கு இன்றுவரை தீரவில்லை. கோலாகலம் என்ற சொல்லை எழுதும் முன் கட்டுரையாளர் கொஞ்சம் பேனாவை நிறுத்தியிருக்கலாம்.

வேரா முகம் திருப்பி நிற்கும் படம் தேடினால் கிடைக்கும். நார்மன் பற்றிய திருத்தத்தோடு அதையும் அடுத்த இதழில் போடுங்கள். சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி